வேர்க்காதவருக்கு ஒரு ஏசி

ஏப்ரல் 26, ஞாயிறு

காலை 6 மணி 98.2. பகல் 12 மணி 99. மாலை 4 மணி 99.6.

புது நோட்டு. இது ஏழாவது. முதல் பக்கத்துல ஆள் விவரம் எழுதுறது என் வழக்கம். நான் திடீர்னு விழுந்து கிடந்தா, அடுத்து இந்த வீட்டுக்குள்ள வர்ற ஆளு ஒண்ணும் தெரியாம முழிக்கக் கூடாதுல்ல.

பேர் பொன்சிங். வயசு 57. என் வீட்டுக்காரர். துறைமுகத்துல லாரி மேல ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்து நாலு வருஷமாச்சு. முதுகெலும்புல அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. கை ரெண்டும் நல்லா வேலை செய்யும். வாய் அதைவிட நல்லா வேலை செய்யும். கட்டில்ல இருந்தபடியே போன்ல லாரி புக்கிங் பாக்காக. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா புண்ணு வந்துரும்.

முக்கியமானது இதுதான். நெஞ்சுக்குக் கீழே அவுகளுக்கு வேர்க்காது. தூத்துக்குடியில ஊரே சொட்டச் சொட்ட நனையுது, இவுக உடம்பு மட்டும் காஞ்சு கிடக்கும். பாக்க வர்றவங்க, குடுத்து வச்சவரு, வேர்வையே இல்ல பாருன்னு சொல்லிட்டுப் போவாங்க. வாயில வர்றதை அடக்குறதே எனக்குப் பெரும்பாடு. வேர்க்கலைன்னா உடம்புச் சூடு வெளிய போக வழி கிடையாது. ரூம் சூடேறுனா அவுகளும் கூடவே ஏறுவாக. 102 தாண்டுனா ஆஸ்பத்திரிதான். இந்த வீட்டுல ஏசி சொகுசு இல்ல, மருந்து.

எழுதுறது ஜெயசீலி. சத்துணவு அமைப்பாளர். இப்போ பள்ளிக்கூடம் லீவு. உடம்புச் சூட்டை மட்டும் எழுதுங்கன்னுதான் ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க. இருபத்தாறு வருஷமா முட்டையையும் அரிசியையும் ரிஜிஸ்தர்ல ஏத்துன கை, மூணு நம்பரோட நிக்குமா.

இன்னைக்கு விரிப்பு மாத்தினேன். மூத்திரப் பை மாத்தினேன். கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடிச்சு ஏசியோட வெளி மிஷினைக் குளிப்பாட்டினேன். அப்படிக் கழுவி விட்டாத்தான் அது சுறுசுறுப்பா ஓடும், கரண்டும் மிச்சம்னு ஒரு வீடியோவுல பாத்தது. வாங்குன மூணு வருஷத்துல ஒரு ஞாயிறு தப்புனதில்ல. இந்தத் தெருவுல வேற எந்த ஏசிக்கும் அந்த யோகம் கிடையாது.

ஆனாலும் குளிர்ச்சி குறையுற மாதிரிதான் இருக்கு.

ஏப்ரல் 28, செவ்வாய்

99.2. 100. 100.4.

சர்வீஸ் ஆள் வந்தாரு. அஞ்சு நிமிஷம் கூட ஆகல, கேஸ் இல்லக்கான்னாரு. அக்டோபர்ல இதையேதான் சொன்னாரு, மூவாயிரம். ஜனவரியில மூவாயிரம். மார்ச்சுல மூவாயிரத்து இருநூறு. போட்ட கேஸ் எங்க போச்சுன்னு கேட்டா, அது அப்படித்தான்கா, கடலோரம்லான்னு சிரிக்காரு. கடலோரத்துல கேஸுக்குக் கால் முளைச்சிருமோ. உங்க சிலிண்டரைத் தூக்கிட்டுக் கிளம்புங்கன்னுட்டேன். அவரு போனதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. கோபத்துல ஆளை அனுப்பியாச்சு, இனி யாரைப் பிடிக்க.

மகள் பிரின்சி கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணினா. அதே பாட்டுதான். அங்க ஒரு ஹோம் இருக்காம். இருபத்துநாலு மணி நேரமும் ஏசி, நர்ஸ், தூக்கிப் போட ஆளு. ஒரு கட்டில் காலியா வச்சிருக்காங்களாம், ஏழாம் தேதி வரைக்கும்தான் பிடிச்சு வைப்பாங்களாம். உங்க அப்பா என்ன, கோடவுன்ல போடுற சரக்கான்னு கேட்டேன். கோபத்துல வச்சிட்டா. சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு அப்பாகிட்ட மட்டும் பத்து நிமிஷம் பேசினா. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். லாரி புக்கிங்னாக.

ஏப்ரல் 29, புதன்

100.4. 101. 101.2.

துண்டை நனைச்சு மேல போடுறேன், காத்தாடி போடுறேன், காய்ஞ்சதும் திரும்ப நனைக்கிறேன். அவுகளுக்கு வேண்டிய வேர்வையை இன்னைக்கு நான்தான் பிழிஞ்சு ஊத்தினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

99.8. 100.6. 101.

மருந்துக்கடையில சொல்லி ஒரு மெக்கானிக் வந்தாரு. பேர் பெர்க்மான்ஸ். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், ஒல்லியான ஆளு, கண்ணாடியை நூல் போட்டுக் கழுத்துல தொங்க விட்டிருக்காரு. பிடிவாதக்காரர், ஆனா அவரு கை வச்ச வேலைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டியதிருக்காதுன்னு கடைக்காரம்மா சொன்னா.

வந்த மனுஷன் மிஷின் பக்கமே போகல. கை கழுவிட்டு அவுக கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு. எப்ப இருந்து இப்படி, எவ்வளவு சூடு தாங்கும், ராத்திரி எத்தனையில வைக்கீங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. நான் டாக்டரையா கூப்பிட்டேன்னு எனக்கு எரிச்சல். அப்புறம் என்கிட்ட வந்து, கேஸ் என்னைக்கெல்லாம் போட்டீங்க, தோராயமாச் சொல்லுங்கன்னாரு. தோராயம் எதுக்கு. பழைய நோட்டை எடுத்து அக்டோபர் 12, ஜனவரி 9, மார்ச் 5ன்னு விரலை வச்சுக் காட்டினேன். மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் பக்கத்தையே பாத்தாரு. முப்பது வருஷத் தொழில்ல தேதி சொன்ன முதல் வீடு இதுதான்னாரு. எரிச்சல் பாதி போயிட்டு.

மீதிப் பாதி அடுத்த பேச்சுல திரும்ப வந்துட்டு. ஓட்டை எங்கன்னு தெரியாம கேஸ் போட மாட்டேன், அது உங்க காசைக் காத்துல விடுறதுன்னாரு. மிஷினை நிறுத்தி, உள்ளே நைட்ரஜனை அடைச்சு வச்சு, ஒரு முழு நாள் பாக்கணுமாம். ஒரு முழு நாளா. வெளியே அனல், உள்ளே வேர்க்காத மனுஷன், இவரு ஒரு நாள் சும்மா நிறுத்தி வச்சுப் பாப்பாராம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில பதினெட்டு வருஷம் இருந்தவன் நான் தங்கச்சி, அண்ணாச்சிக்கு நாளைக்குக் காலையில ஐஸோட வாரேன்னுட்டுப் போயிட்டாரு.

மே 1, வெள்ளி

ஏழு மணிக்கே வந்துட்டாரு. மொபெட்ல சாக்குச் சுத்தி ரெண்டு பார் ஐஸ், படகுக்கு ஏத்துறது. பெரிய டப்பாவுல நிறுத்தி, பின்னாடி காத்தாடியை வச்சு, ஈர வேட்டியைக் கொடியில தொங்க விட்டாரு. ஜன்னலைச் சாத்தாதீங்க, ஈரம் உள்ளேயே நின்னா புழுங்கும்னு சொன்னாரு. சொன்னபடியே ரூம் சூடு அடங்குச்சு.

அப்புறம் வெளி மிஷினோட குழாய்ல மீட்டரை மாட்டி, நைட்ரஜனை ஏத்தி, முள்ளை 300ல நிறுத்தினாரு. என் கண்ணை நான் நம்ப மாட்டேன், நீங்களே பாத்து உங்க நோட்டுல எழுதுங்கன்னாரு. ரெண்டு கட்டம் போட்டேன்.

காலை 8: அவுக 99. மிஷின் 300.
காலை 10: அவுக 99.4. மிஷின் 300.
பகல் 12: அவுக 100. மிஷின் 300.
பகல் 2: அவுக 100.2. மிஷின் 299.

பன்னெண்டு மணிக்கு முள் அசையாம நின்னதைப் பாத்து எனக்கு ஒரே சந்தோஷம். ஓட்டையே இல்ல, சும்மா ஒரு நாளை வீணடிச்சாச்சுன்னு போன் போட்டுச் சொன்னேன். இல்ல தங்கச்சி, வெயில் ஏறினா உள்ளே இருக்குற காத்தும் விரியும், முள் நாலஞ்சு ஏறியிருக்கணும், ஏறாம அங்கனயே நிக்குன்னா கசியுதுன்னு அர்த்தம்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. முள் இறங்குறதைப் பாத்து ஓட்டையை எவனும் சொல்லிருவான். ஏறலைங்கிறதைப் பாத்துச் சொல்ல ஒரு மூளை வேணும்ல.

அவுககிட்டச் சொன்னேன். சிரிச்சாக. நாலு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிச்சது.

மே 2, சனி

99.4. 100.2. 100.8. மிஷின் காலை 8 மணிக்கு 283.

சோப்பு நுரையைப் பிரஷ்ல தொட்டு வெளி மிஷினோட ஒவ்வொரு வளைவா வச்சுக்கிட்டே வந்தாரு. அவசரமே கிடையாது. கீழ் வரிசைக்கு வந்ததும் நுரை மூணு இடத்துல கொப்பளிச்சுச்சு. அந்த இடத்துத் தகட்டை விரலால தொட்டாரு, அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோட வந்துட்டு. உள்ளே செம்புக் குழாய் பச்சை பூத்துப் போயிருக்கு. ஒட்டுப் போட்டா அடுத்த வாரம் பக்கத்துல விடும், தகடும் குழாயும் சேந்த இந்தக் காயிலையே புதுசா மாத்தணும்னாரு.

மூணு வருஷத்துல இப்படி ஆகாதேன்னு தனக்குள்ளே பேசிக்கிட்டாரு. நான் விடுவேனா. வேற எவன் வீட்டு மிஷினாவது ஆகலாம் அண்ணே, இதை நான் ஞாயிறு தவறாமக் குளிப்பாட்டுறேன்னு பழைய நோட்டு ஆறையும் கொண்டுவந்து வச்சேன். புரட்டிப் பாத்தாரு. எந்தத் தண்ணின்னாரு. போர் தண்ணிதான், ஆத்துத் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை வருது, அதை யாராவது மிஷினுக்கு ஊத்துவாங்களான்னேன். ஹோஸ் பைப் மாட்டுற குழாயைத் திறந்து ஒரு சொட்டை நாக்குல வச்சாரு. துண்டால வாயைத் துடைச்சாரு. திரும்பவும் நோட்டை எடுத்து ரொம்ப நேரம் புரட்டிக்கிட்டே இருந்தாரு.

ஜன்னல் திறந்துதானே கிடக்கு. உள்ளே இருந்து அவுக, என்ன அண்ணாச்சி காரணம்னு சத்தம் கொடுத்தாக.

"ராப்பகலா ஓடுதுல்ல அண்ணாச்சி. கடல் காத்து வேற. மிஷின் என்ன செய்யும்."

ஆக, ஓய்வில்லாம ஓடுனதும் கடக்காத்தும்தான் காரணம். அவரே சொல்லிட்டாரு. தொழில் தெரிஞ்ச மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஒரு தாள்ல செலவை எழுதிக் கொடுத்தாரு. காயில், கேஸ், நைட்ரஜன், கூலி, ஐஸ் உட்பட 14,300. ஒரு ரூபா குறைக்கல, கூட்டியும் சொல்லல. மூணு தடவை காத்துல விட்ட காசு ஒன்பதாயிரத்து இருநூறு. இந்த மனுஷனை அக்டோபர்லயே தெரிஞ்சிருக்கக் கூடாதா. காயில் மதுரையில இருந்து வரணும், செவ்வாய் ஆகும்.

அவுக தாளை வாங்கிப் பாத்தாக. மத்தியானம் வந்த ரெண்டு புக்கிங் போனையும் எடுக்கல.

மே 3, ஞாயிறு

99.8. 100.8. 101.

வெளி மிஷினை இன்னைக்குக் கழுவல. கழட்டிப் போட்டிருக்குல்ல, அதான்.

குளிக்கும்போது போர் தண்ணி உதட்டுல பட்டுச்சு. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து குளிக்கிற தண்ணிதான். இவ்வளவு உப்புன்னு தெரியல.

மே 4, திங்கள்

கத்திரி இன்னைக்குத்தான் ஆரம்பம்.

காலை 100.2. பகல் 12 மணி 101.6. 2 மணி 102.2.

கண்ணு சொருகிட்டு. என் பேரைக் கேட்டா தப்பாச் சொல்லுதாக. பெர்க்மான்ஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். எங்கேயோ வேலையில இருந்தவரு அப்படியே போட்டுட்டு மூணு பார் ஐஸோட வந்து நின்னாரு. அக்குள்ல, தொடையிடுக்குல துணி சுத்தி ஐஸை வச்சோம். உணர்வு இல்லாத இடம், ஐஸ் நேரா பட்டாப் பொசுங்கிரும், நாலு சுத்துச் சுத்துங்கன்னு நான் சொல்ல, அப்படியே செஞ்சாரு.

4 மணி 101. 5 மணி 100.2. டாக்டர் வந்து பாத்து, ஆஸ்பத்திரி வேண்டாம்னுட்டாரு. பயந்துட்டேன். ரொம்பப் பயந்துட்டேன்.

மே 5, செவ்வாய்

காலை 99.8. பகல் 100.6. மாலை 5 மணி 98.6.

98.6. ரெண்டு தடவை எழுதிப் பாத்துக்கிட்டேன்.

காயில் காலை பஸ்ல வந்துட்டு. நீலப் பூச்சு பூசினது, உப்புக்குத் தாங்குமாம். அந்த மனுஷன் வேலை செஞ்சதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. பழைய பெட்ஷீட்டை விரிச்சு, ஆயுதத்தையெல்லாம் வரிசையா அடுக்கினாரு. நான் அட்டையில முட்டை அடுக்குற மாதிரி இருந்துச்சு. நெருப்புல குழாயை ஒட்டிப் பத்த வைக்கும்போது பக்கத்து வால்வு வெந்துரக் கூடாதுன்னு அதுக்கு ஈரத்துணி சுத்தினாரு. குழாய்க்குள்ளே கரி பிடிக்கக் கூடாதுன்னு நைட்ரஜனை மெள்ள ஓட விட்டுக்கிட்டே பத்த வச்சாரு. குழாய்க்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா. யாரும் பாக்காத இடத்துல இவ்வளவு சுத்தமா வேலை செய்யுற ஆளை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல. முட்டைக் கணக்குப் பாக்க வர்ற அதிகாரிங்களைச் சேத்துத்தான் சொல்றேன்.

திரும்ப நைட்ரஜனை அடைச்சு 300ல நிறுத்தினாரு. இன்னும் ரெண்டு மணி நேரமான்னு வாசலுக்கும் கட்டிலுக்குமா நடந்தேன். நேத்து நடந்த கூத்துக்கு அப்புறம் வேற யாரா இருந்தாலும் அவசரப்பட்டிருப்பாங்க. இவரு ஐஸை மாத்தி வச்சிட்டு வந்து உக்காந்துட்டாரு. பதினொரு மணிக்கு முள் 304. ஏறிட்டு. நானும் அவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். அதுக்கப்புறம் உள்ளே இருக்குற காத்தையும் ஈரத்தையும் பம்பு வச்சு முக்கால் மணி நேரம் உறிஞ்சி எடுத்தாரு. கேஸைத் தராசுல வச்சு, மிஷின் மேல எழுதியிருக்குற கிராம் கணக்குக்குச் சரியாப் போட்டாரு. கடைசியில தகட்டுத் தூளைப் பெருக்கி அள்ளி, விளக்குமாத்தை இருந்த இடத்துலயே வச்சாரு.

ஐநூறு ரூபா சேத்துக் கொடுத்தேன். எழுதுன காசு போதும்னு திருப்பிக் கொடுத்துட்டாரு.

ரூம் குளுந்து, அவுக முகம் தெளிஞ்சு, நான் காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். அப்பதான் சொன்னாக.

"சீலி, வியாழக்கிழமை பிரின்சி வண்டியோட வாரா. நான் அந்த ஹோமுக்குப் போறேன்."

விளையாடுறாகன்னு நினைச்சேன். மிஷின்தான் சரியாயிருச்சேன்னு கேட்டேன். இல்லையாம். அந்த ஹோமைத் தேடச் சொன்னதே இவுகதானாம். மார்ச்சுல மூணாந்தடவை கேஸ் போட்டப்பவே மகள்கிட்டச் சொல்லிட்டாகளாம். லாரி புக்கிங்னு இவ்வளவு நாளும் தனியாப் பேசினது இதைத்தானாம். நான் அவளை எவ்வளவு திட்டியிருப்பேன், ஒரு வார்த்தை அவ அப்பாவைக் காட்டிக் கொடுக்கல.

ஏன்னு கேட்டேன். சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னாக.

"அண்ணாச்சி சொன்னதைக் கேட்டல்ல. என் ஒருத்தன் உடம்புக்காக ராப்பகலா ஓடி, மூணு வருஷத்துல ஒரு மிஷினைத் தின்னு தீத்துட்டேன். அடுத்தது நீதான்."

சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு. அடுப்படிக்கு வந்துட்டேன். சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. என்ன சொல்லணும்னு இந்த நோட்டுல கூட எழுத எனக்குக் கை வரல.

மே 6, புதன்

98.4. 98.6. 98.8. மிஷின் நல்லா ஓடுது.

பெர்க்மான்ஸ் அண்ணன் வந்தாரு. வேலை முடிஞ்ச மறுநாள் போய்ப் பாக்குறது அவரு பழக்கமாம், அதுக்குக் காசு கிடையாதாம். மீட்டரை மாட்டிப் பாத்துத் தலையாட்டிக்கிட்டாரு. அவரைத் தெருப்பக்கம் கூட்டிட்டுப் போய்க் கேட்டுட்டேன். அன்னைக்குத் தண்ணியை நாக்குல வச்சுப் பாத்தீங்களே அண்ணே, அப்புறம் ஏன் கடக்காத்துன்னு சொன்னீங்க.

மீட்டரைத் துண்டால துடைச்சுக்கிட்டே சொன்னாரு.

"உங்க நோட்டு ஆறையும் புரட்டினேன் தங்கச்சி. நாலு வருஷத்துல அண்ணாச்சி உடம்புல ஒரு புண்ணு இல்ல. ஒண்ணு கூட. எங்க மாமா இதே மாதிரி கிடந்தாரு, ஆறு மாசத்துல முதுகு முழுக்கப் புண்ணு. அதைப் பாத்தவன் நான். உங்களைப் போய், இந்த மிஷினைக் கெடுத்தது நீங்கதான்னு அவரு காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரல."

ஓட்டை தெரியாம கேஸ் போட மாட்டேன்னு அடம்பிடிச்ச மனுஷன், எனக்காக ஒரு பொய்யைச் சொல்லியிருக்காரு. இதுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. அவுக எடுத்திருக்குற முடிவைச் சொன்னேன். அப்படியே படியில உக்காந்துட்டாரு. தப்புப் பண்ணிட்டேனே, நானே போய்ச் சொல்லுதேன்னு எந்திரிச்சாரு. நான் மறிச்சேன். நீங்க சொல்லக் கூடாது அண்ணே, அது நான் சொல்ல வேண்டியதுன்னேன்.

கிளம்பும்போது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஆத்துத் தண்ணியில ஒரே ஒரு வாளி, மெதுவான பிரஷ், அதுக்கு மேல தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

சாயங்காலம் வரைக்கும் நாலு தடவை கட்டில் பக்கம் போனேன். நாலு தடவையும் திருப்பிப் படுக்க வச்சிட்டு வந்துட்டேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு முட்டை குறைஞ்சதில்லன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவ நான். வீட்டுல பதினாலாயிரத்து முன்னூறு ரூபாய்க்கு நஷ்டம் செஞ்சு வச்சிருக்கேன். அதைக் கூடச் சொல்லிரலாம். அவுக அதைத் தன் தலையில தூக்கிக்கிட்டுப் படுத்திருக்கும்போது நாலு நாளா நான் பாத்துக்கிட்டு இருந்தேனே, அதைத்தான் சொல்ல முடியல.

மே 7, வியாழன்

காலை 98.4.

பத்து மணிக்குப் பிரின்சி வந்துட்டா. வாசல்ல வேன், சக்கர நாற்காலி ஏத்துறதுக்குப் பலகையோட. அவ என் முகத்தைப் பாக்கல. அவுகளுக்குச் சட்டை போட்டுவிட்டு, தலை சீவிவிட்டு, மருந்துப் பையைக் கட்டினேன். ஏழு நோட்டையும் பையில வைன்னாக, அங்க உள்ளவங்களுக்கு உதவுமாம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு உடைஞ்சு போச்சு.

கட்டில்ல உக்காந்தேன். மகள் முன்னாடியே சொன்னேன்.

"உங்க உடம்பு எந்த மிஷினையும் தின்னல. நான்தான் தின்னேன். மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போர் தண்ணியை அடிச்சு, அந்தக் காயிலை உப்புல ஊற வச்சது நான். ராப்பகலா ஓடுனதால இல்ல. அண்ணன் என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொன்னாரு. நான் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

அவுக என்னையே பாத்தாக.

"அப்ப, என்னால இல்லையா?"

இல்லன்னேன். திரும்பவும் அதையே கேட்டாக, சின்னப் பிள்ளை மாதிரி. உங்களால இல்லைங்கன்னு திரும்பவும் சொன்னேன். ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாக. தோள் குலுங்குது. அழுகுறாகன்னு பிரின்சி ஓடி வந்தா. கையை எடுத்துப் பாத்தா, அழுகையும் இருக்கு, சிரிப்பும் இருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னல் வழியா பாப்பேன்ட்டி, எங்க அம்மா கூட என்னை அப்படித் தேய்ச்சுக் குளிப்பாட்டுனதில்ல, அந்த மிஷின் சாகாம என்ன செய்யும்னாக. பிரின்சியும் சிரிச்சிட்டா. நாலு வருஷமா நாங்க மூணு பேரும் சேந்து அப்படிச் சிரிக்கல.

சிரிச்சு முடிச்சதும் அவ வக்கீல் மாதிரி என் பக்கம் திரும்பினா. மிஷின் சரிம்மா, உன் முதுகு வலிக்கு என்ன பதில்னு கேட்டா. முதுகு வலி எனக்கு இருக்கத்தான் செய்யுது. ஏழு நோட்டுலயும் நான் எழுதாதது அது ஒண்ணுதான். காலையிலயும் சாயங்காலமும் தூக்கிப் போட ஒரு ஆள் வரட்டும், சம்பளம் அவ கொடுக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டேன். அந்தக் கட்டிலை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லிருன்னு அவுக மகள்கிட்டச் சொன்னாக. அவ வெளிய போய் வேன்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பிட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, பசிக்குதும்மான்னா.

தோசை வார்க்க எந்திரிச்சேன். அவுக கையைப் பிடிச்சு நிறுத்தி, மொதல்ல அந்த நோட்டை எடுன்னாக. நாளைக்கு நீ மாத்திப் பேசிருவே, நான் சொல்லச் சொல்ல எழுதுன்னாக. எழுதுறேன்.

மே 7, வியாழக்கிழமை, பகல் 11 மணி. ஏசியைக் கெடுத்தது ஜெயசீலி. பொன்சிங் இல்லை.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னாக. போட்டுட்டேன்.